ராக்கெட் எரிபொருள்: கம்ப்யூட்டர் போடும் மார்க்கும், அது பார்க்காத ஆபத்தும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஜி.என்.டி. ரோட்டில் போகும்போது, டேங்கர் லாரிகளின் பின்னால் இருக்கும் அவசரத் தகவல் பலகையைக் கவனித்திருப்பீர்கள். அதில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1203 என்றால் பெட்ரோல். 1075 சமையல் கேஸ். 1017 குளோரின். 1073 திரவ ஆக்சிஜன். இரும்பு ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போவது. இவை ஐ.நா. குழு கொடுத்த எண்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் மாறாது. டேட்டாபேஸ் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், ஆபத்தான பொருள்களுக்கு ஒரு பிரைமரி கீ.

இந்தப் பட்டியலில் 1163, 1067 என்று இரண்டு எண்கள் உண்டு. முதலாவது யு.டி.எம்.எச். என்ற எரிபொருள். இரண்டாவது நைட்ரஜன் டெட்ராக்சைடு. பழவேற்காடு ஏரிக்குக் கிழக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் இவற்றை டன் கணக்கில் ராக்கெட்டில் நிரப்புகிறார்கள். அதே பட்டியலில் 1045, 1749, 1380 என்று மூன்று எண்கள். ஃபுளோரின், குளோரின் டிரைஃபுளோரைடு, பென்டாபோரேன். இவையும் ராக்கெட்டுக்காக ஒரு காலத்தில் பலத்த எதிர்பார்ப்போடு சோதிக்கப்பட்டவைதான். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் இவற்றில் சில இன்று பறப்பவற்றைவிட நல்ல மார்க் வாங்கும். ஆனாலும் எந்த நாடும் இவற்றை நிரப்பிச் செயற்கைக்கோள் ராக்கெட் விடுவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

மைலேஜ் கணக்கு

பெட்ரோல் வண்டிக்கு மைலேஜ் மாதிரி ராக்கெட்டுக்கு ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் என்று ஒரு எண் உண்டு. ஒரு கிலோ எரிபொருள் கலவையை எரித்து, ஒரு கிலோ எடையைத் தாங்கும் அளவு தள்ளுவிசையை எத்தனை நொடிகள் தர முடியும் என்பதுதான் அது. அதனால் இதன் அளவு நொடி. எண் கூடக் கூட நல்லது.

எவ்வளவு நல்லது என்பதை வீட்டில் எக்ஸெல் திறந்து நீங்களே பார்க்கலாம். பூமியைச் சுற்றும் பாதைக்குப் போக, இழப்புகளையும் சேர்த்து, நொடிக்கு சுமார் 9,400 மீட்டர் வேகம் வேண்டும். ஸ்பெசிஃபிக் இம்பல்ஸை 9.81 ஆல் பெருக்குங்கள். 9,400 ஐ அந்த விடையால் வகுங்கள். வரும் எண்ணை எக்ஸ்பொனென்ஷியல் ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். ஒரே அடுக்கு ராக்கெட் என்று வைத்துக்கொண்டால், 300 நொடிக்கு 24.4 வரும். அதாவது மேலே போய்ச் சேரும் ஒவ்வொரு கிலோவுக்கும் தரையில் 24.4 கிலோ வேண்டும். 450 நொடி என்றால் 8.4 கிலோ போதும். இந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்கு, இன்னும் கொஞ்சம் நல்ல எரிபொருள் கிடைக்காதா என்று ஆசை வராமல் இருக்காது. 1950களிலும் 60களிலும் அமெரிக்க, சோவியத் வேதியியலாளர்களுக்கு வந்தது இதே ஆசைதான்.

எந்தக் கலவைக்கு எத்தனை நொடி என்று எஞ்சினே கட்டாமல் சொல்லிவிடும் புரோகிராம் ஒன்று இருக்கிறது. பெயர் சி.இ.ஏ. நாசாவில் சான்ஃபோர்டு கோர்டன், போனி மெக்பிரைடு இருவரும் ஃபோர்ட்ரானில் எழுதியது. எரிபொருள், ஆக்சிடைசர், அழுத்தம், கலவை விகிதம் இவற்றைக் கொடுத்தால், எரிந்தபின் என்னென்ன வாயுக்கள் எவ்வளவு இருக்கும், வெப்பநிலை என்ன, எவ்வளவு வேகத்தில் வெளியேறும் என்று சொல்லும். வேதிச் சமநிலையில் ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உள்ளே நடப்பது. இதை பைத்தானிலிருந்து இயக்க ராக்கெட்சி.இ.ஏ. என்ற இலவசத் தொகுப்பு உண்டு. சாதாரண லேப்டாப்பில் கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும்.

68 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் எரித்துக் கடல்மட்டத்தில் வெளியேற்றுவதாக வைத்துக்கொண்டால், யு.டி.எம்.எச்., நைட்ரஜன் டெட்ராக்சைடு ஜோடி சுமார் 285 நொடி. மண்ணெண்ணெய், திரவ ஆக்சிஜன் 300. திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன் 390. ஹைட்ரஜனோடு ஆக்சிஜனுக்குப் பதில் ஃபுளோரினைப் போட்டால் 410. முதல் ரேங்க் ஃபுளோரினுக்கு.

முதல் ரேங்க் வாங்கியவர்கள்

ஃபுளோரின் ஆக்சிஜனைவிடப் பசி கூடிய ஆக்சிடைசர். மைனஸ் 188 டிகிரியில் திரவமாகிவிடுவதால், மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்சிஜனைக் கையாளத் தெரிந்தவர்களுக்குக் குளிர் புதிதல்ல. சிக்கல் வேறு இடத்தில். ஃபுளோரின் பட்ட உலோகத்தின் மேல் மெல்லிய ஃபுளோரைடு படலம் உருவாகி, அதுவே உலோகத்தைக் காக்கிறது. குழாய்க்குள் ஒரு சொட்டு எண்ணெயோ ஈரமோ தூசோ இருந்தால் அந்த இடத்தில் தீ. தீயில் படலம் போய்விட்டால் குழாயே எரியத் தொடங்கும். எல்லாம் சரியாக நடந்து ராக்கெட் கிளம்பினாலும் வால் வழியே வருவது ஹைட்ரஜன் ஃபுளோரைடு. கண்ணாடியை அரிக்கும் அமிலத்தின் ஆவி அது. ஏவுதளத்தைச் சுற்றி யாரும் மூச்சு விட முடியாது.

சோவியத்தில் குளுஷ்கோ இதையும் விடவில்லை. அவரது குழு ஃபுளோரினையும் அமோனியாவையும் எரிக்கும் ஆர்.டி. 301 என்ற எஞ்சினை உருவாக்கி, விண்வெளிச் சூழலுக்கு 400 நொடிவரை கொண்டுவந்தது. தரையில் சோதித்தார்கள். பறக்கவே இல்லை. அமெரிக்காவின் ராக்கெட்டைன் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய் லித்தியம், ஃபுளோரின், ஹைட்ரஜன் மூன்றையும் ஒரே எஞ்சினில் எரித்து 542 நொடி எடுத்தது. வேதி ராக்கெட்டுகளில் சாதனை அளவு இது. ஆனால் லித்தியம் உருகி ஓட 180 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பக்கத்து டேங்கில் ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்க வேண்டும். மூன்றாவது டேங்கில் ஃபுளோரின். இதை இருபது மாடி உயரத்துக்கு நிறுத்தி கவுன்ட்டவுன் நடத்துவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

குளோரின் டிரைஃபுளோரைடுக்கு இந்தக் குளிர்த் தொல்லை கிடையாது. அழுத்தக் கலனில் சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும், அடர்த்தியும் அதிகம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனி ஃபால்கன்ஹாகனில் இதைத் தயாரித்தது. இதன் குணம் என்னவென்றால், தண்ணீர், மணல், கல்நார், கான்கிரீட் எல்லாமே இதற்கு எரிபொருள்தான்! தீயணைப்பு வண்டியில் இருக்கும் எதுவுமே உதவாது. அமெரிக்காவில் ஒருமுறை ஒரு டன் அளவு கொட்டிப்போய், ஓர் அடிக் கனமுள்ள கான்கிரீட் தளத்தைத் தின்று அதன் கீழிருந்த ஜல்லியிலும் மூன்றடி இறங்கியது. இந்த மாதிரிக் கதைகளில் ஆர்வம் இருந்தால், அந்தக் காலத்தில் ராக்கெட் எரிபொருள் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த ஜான் கிளார்க் எழுதி 1972 இல் வந்த 'இக்னிஷன்' என்ற புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். ஐசக் அசிமோவ் முன்னுரை எழுதியிருக்கிறார்.

பென்டாபோரேனை இரண்டே வரியில் முடித்துவிடலாம். போரான் கலந்த எரிபொருளுக்காக 1950களில் அமெரிக்கா கொட்டிய பணம் கொஞ்சமல்ல; 1959 இல் அந்தத் திட்டத்தையே மூடினார்கள். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும், நரம்பு மண்டலத்தைத் தாக்கும், எரிந்தபின் எஞ்சினுக்குள் போரான் ஆக்சைடு பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

இப்போது எக்ஸெல்லுக்குத் திரும்புங்கள். விண்வெளியில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஜோடிக்கு 450 நொடி. ஃபுளோரினுக்கு இருபத்திரண்டு நொடி சேர்த்து 472 என்று போடுங்கள். 8.4 என்பது 7.6 ஆகும். அவ்வளவுதான் லாபம். அந்த லாபத்தைத் தனி உலோகக் குழாய்களும், பாதுகாப்புக் கவசங்களும், கூடுதல் காப்பும், சுற்று வட்டாரத்தைக் காலி செய்வதும் விழுங்கிவிடும் என்பது என் கணிப்பு. சி.இ.ஏ. புரோகிராமில் எரியும் அறை மட்டும்தான் இருக்கிறது. டேங்க் இல்லை, வால்வு இல்லை, அதை முறுக்கும் ஆள் இல்லை, மதில் சுவருக்கு வெளியே இருக்கும் ஊரும் இல்லை.

நம் பக்கத்து ராக்கெட்டில் என்ன இருக்கிறது?

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் கும்மிடிப்பூண்டியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர்தான். ராக்கெட் போகும் நாளில் பழவேற்காடு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்வார்கள். அங்கிருந்து போகும் ராக்கெட்டுகளில் ஃபுளோரின் இல்லை என்பதால் எல்லாம் சாதுவானவை என்று நினைத்துவிட வேண்டாம்.

பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கிலும், ஜி.எஸ்.எல்.வி.யின் பக்கவாட்டு அடுக்குகளிலும் இரண்டாம் அடுக்கிலும், எல்.வி.எம். 3 ராக்கெட்டின் நடு அடுக்கிலும் இருப்பது விகாஸ் எஞ்சின். அதற்குப் போகும் எரிபொருள் யு.எச். 25. நான்கில் மூன்று பங்கு யு.டி.எம்.எச்., ஒரு பங்கு ஹைட்ரசின் ஹைட்ரேட். ஆக்சிடைசர் நைட்ரஜன் டெட்ராக்சைடு. இரண்டும் சந்தித்தவுடன் தானே பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. குளிரூட்ட வேண்டியதில்லை. எஞ்சின் கட்டாயம் பற்ற வேண்டும் என்ற இடத்தில் இதைப் போல நம்பகமானது இல்லை. செயற்கைக்கோள்களின் சிறு எஞ்சின்களும் இதே குடும்பம்தான்.

விலை, நச்சு. உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனம் சொல்லும் அளவு ஒவ்வொரு வாயுவுக்கும் உண்டு. அமோனியாவுக்கு அது காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடியது நமக்குத் தெரியும். (அமோனியாவும் ராக்கெட் எரிபொருள்தான், அமெரிக்காவின் எக்ஸ் 15 விமானம் அதில்தான் பறந்தது.) யு.டி.எம்.எச்.சுக்கு அதே அளவு பத்து லட்சத்தில் 15 பங்கு. பென்டாபோரேனுக்கு ஒரே பங்கு. நைட்ரஜன் டெட்ராக்சைடு 21 டிகிரியில் கொதிக்கும் என்பதால், நம் ஊர் வெயிலில் மூடியைத் திறந்தாலே செம்பழுப்புப் புகையாகக் கிளம்பும்.

இந்தப் புகை என்ன செய்யும் என்பது 1975 ஜூலை 24 அன்று தெரிந்தது. அப்பல்லோ, சோயுஸ் கூட்டுப் பயணம் முடிந்து பாராசூட்டில் இறங்கும்போது சிறு எஞ்சின்களிலிருந்து வந்த நைட்ரஜன் டெட்ராக்சைடு ஆவி காற்று வால்வு வழியாக அமெரிக்கக் கலத்துக்குள் புகுந்துவிட்டது. வான்ஸ் பிராண்டு நினைவிழந்தார். மூவரும் பிழைத்தார்கள், ஆனால் ஹவாயில் மருத்துவமனை வாசம். இதைவிடக் கொடியது 1960 அக்டோபர் 24 அன்று பைக்கனூரில் நடந்தது. நிரப்பி நிறுத்தியிருந்த ஆர். 16 ஏவுகணையைச் சுற்றி ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்க, கட்டளைகளை வரிசையாக அனுப்பும் கருவியை ஆரம்ப நிலைக்குத் திருப்பியபோது இரண்டாம் அடுக்கு எஞ்சின் பற்றிக்கொண்டது. அதன் தீ கீழடுக்கு டேங்கைத் துளைத்தது. மார்ஷல் நெடலின் உட்படப் பலர் அங்கேயே இறந்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் இந்த விபத்தைப் படிக்க வேண்டும். ரீசெட் செய்வதும் ஒரு கட்டளைதான்.

2013 ஆகஸ்ட் 19

அன்று மாலை 4.50க்கு ஜி.எஸ்.எல்.வி. டி5 கிளம்ப வேண்டும். நம் நாட்டு கிரையோஜெனிக் எஞ்சின் 2010 ஏப்ரலில் தோற்றபிறகு அதன் அடுத்த முயற்சி என்பதால் நாடே டி.வி. முன் இருந்தது. 74 நிமிடம் இருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். இரண்டாம் அடுக்கின் டேங்கிலிருந்து யு.எச். 25 கசிந்துகொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எல்லாம் நிரப்பிய ராக்கெட். மேலே மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜன். நடுவில் நச்சு எரிபொருள் ஒழுகுகிறது. அது கீழே, பக்கத்தில் நிற்கும் அடுக்குகளின் மேல் வழிகிறது. அந்தப் பக்கவாட்டு அடுக்குகளிலோ நைட்ரஜன் டெட்ராக்சைடு நிரம்பியிருக்கிறது. இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். நிரப்புவதற்குத்தான் ஒத்திகை பார்த்த வரிசை இருக்கும். ஒழுகும் ராக்கெட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுப்பது அதைவிடப் பல மடங்கு கடினம். எடுத்தார்கள். பெரிய விபத்து எதுவும் இல்லாமல் ராக்கெட்டைக் கட்டும் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

காரணம் எரிபொருளில் இல்லை, டேங்கில் இருந்தது. அஃப்னோர் 7020 என்ற அலுமினியக் கலவையில் செய்த டேங்க் அது. இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து தாக்கினால் நாளடைவில் அதில் விரிசல் வரும். புதிய இரண்டாம் அடுக்கை 2219 என்ற வேறு அலுமினியக் கலவையில் செய்து பொருத்தினார்கள். எரிபொருள் வழிந்த பக்கவாட்டு அடுக்குகள் நான்கையும் மாற்றினார்கள். 2014 ஜனவரி 5 மாலை 4.18க்கு அதே ராக்கெட் கிளம்பி ஜிசாட் 14 ஐச் சரியாகச் சேர்த்தது. எல்லோரும் கிரையோஜெனிக் எஞ்சினையே பேசினார்கள். எனக்கு அந்த ஆகஸ்ட் மாலையில் யாருக்கும் எதுவும் ஆகாமல் டேங்கைக் காலி செய்ததுதான் பெரிய வெற்றியாகத் தெரிகிறது.

திட எரிபொருள் ஒழுகாது. அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் ரப்பர் மாதிரியான பிசினில் கலந்து உறைய வைத்தது. ஆபத்து அதைத் தயாரிக்கும் இடத்தில். 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டா திட எரிபொருள் ஆலையில் ஏற்பட்ட தீயில் 6 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் நெவாடாவில் 1988 மே 4 அன்று பெர்குளோரேட் ஆலை ஒன்றே வெடித்துச் சிதறியது.

வீட்டில் சல்ஃபரும் உப்பும் கலந்து ராக்கெட் விட வேண்டும் என்று கேட்கும் பள்ளி மாணவர்களுக்கு: அதற்குத்தான் சி.இ.ஏ. இருக்கிறது. மானிட்டரில் வெடித்தால் விண்டோஸை மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம்.

நம் வீட்டுக்கு வந்த கதை

இந்த ரசாயனங்கள் ராக்கெட்டோடு நிற்கவில்லை. ஹைட்ரசினை அனல் மின் நிலையங்களின் உயர் அழுத்த பாய்லர் தண்ணீரில் மிகச் சிறிதளவு சேர்ப்பதுண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அது விழுங்கிவிடுவதால் குழாய் துருப்பிடிக்காது. ராக்கெட்டில் வேலை செய்யும் அதே குணம், இங்கே அடங்கிய அளவில்.

குளோரின் டிரைஃபுளோரைடின் கதை இன்னும் சுவாரசியம். சிலிக்கான் சிப் செய்யும்போது, அணு அணுவாகப் படலம் படியவைக்கும் அறையின் சுவரிலும் சிலிக்கான் படிந்துவிடும். அதைச் சுரண்ட முடியாது. இந்த வாயுவைக் கொஞ்சம் உள்ளே விட்டால் சிலிக்கானைத் தின்று வாயுவாக்கி வெளியே கொண்டுபோய்விடும். சிப் ஆலைகளில் இதே வேலைக்கு நைட்ரஜன் டிரைஃபுளோரைடு இன்னும் பரவலாகப் பயன்படுகிறது. கான்கிரீட்டைத் தின்னும் பசியே இங்கே தகுதி. ஏவுதளத்தில் டன் கணக்கில் வேண்டும், சிப் ஆலையில் மூடிய வெற்றிட அறைக்குள் சிறிதளவு போதும் என்பதுதான் வித்தியாசம். ராக்கெட்காரர்கள் கைகழுவிய பொருள், கம்ப்யூட்டர் சிப் பிறக்கும் அறையைக் கழுவுகிறது.

ராக்கெட்காரர்கள் போகும் திசை இப்போது பழைய மண்ணெண்ணெய் பக்கம். மகேந்திரகிரியில் 2025 மார்ச் 28 அன்று இஸ்ரோ தன் செமி கிரையோஜெனிக் எஞ்சினின் முக்கியப் பகுதிகளை முதன்முறையாக வெற்றிகரமாக எரித்துச் சோதித்தது. திரவ ஆக்சிஜனும் சுத்திகரித்த மண்ணெண்ணெயும். எல்.வி.எம். 3 இல் விகாஸ் எஞ்சின்கள் இருக்கும் அடுக்குக்குப் பதிலாக இதைப் பொருத்துவதுதான் திட்டம். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விட்ட சிறு ராக்கெட்டும் இதே வகை. அதன் எஞ்சினை 3டி பிரின்ட்டரில் ஒரே துண்டாக அச்சடித்திருந்தார்கள். செயற்கைக்கோள்களில் ஹைட்ரசினுக்குப் பதிலாக நச்சு குறைந்த திரவங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. 2010 இல் சுவீடனின் பிரிஸ்மா செயற்கைக்கோளில் அப்படி ஒன்று பறந்தது. 2024 ஜனவரி 1 அன்று போன பி.எஸ்.எல்.வி. சி58 இன் கடைசி அடுக்கில் பெங்களூரின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் தன் எஞ்சினைச் சோதித்தது.

ராக்கெட்சி.இ.ஏ. இன்ஸ்டால் செய்தவர்கள் யு.டி.எம்.எச்., நைட்ரஜன் டெட்ராக்சைடு ஜோடியையும், மண்ணெண்ணெய், ஆக்சிஜன் ஜோடியையும் ஒரே அழுத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். கலவை விகிதத்தை 2 இலிருந்து 3 வரை சிறிது சிறிதாக மாற்றி கிராஃப் போட்டால், ஒவ்வொன்றுக்கும் உச்சம் எங்கே வருகிறது என்று தெரியும்.